கடகமும் கூத்தும்

கலை என்ற சொல்லைக் கேட்டவுடன் எமது உள்ளம் கோபுரத்தையும் சங்கீத மேடையையும் நாட்டிய அரங்கையும் நாடிச் செல்கின்றது. வாணிபம் என்ற சொல்லைக் கேட்டாலோ தராசும் கல்லாப்பெட்டியுமே கண்முன் தோன்றுகின்றன. இரண்டுக்கும் யாதோர் உறவும் இல்லையென எண்ணிப் பழகிவிட்டோம். பத்திரிகைகளிலும் இவை வெவ்வேறு பக்கங்களிலேயே இடம்பெறுகின்றன. ஆயின் ஒரு சிற்றூரின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்குவோர், அங்கே பாடுகிறவனும் பின்னுகிறவளும் விற்கிறவனும் ஒரே வீட்டவராய், ஒரே உலையில் வெந்த சோற்றை உண்பவராய் இருக்கக் காண்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும். அத்தீவுகளின் கலையையும் கைத்தொழிலையும் பற்றிச் சில கருத்துக்களை இவ்வாரம் வாசகர்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு, காரைநகர் என்பவற்றுட் சில தாம்போதிகளாற் குடாநாட்டுடன் இணைந்துவிட்டன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் இன்றும் குறிகட்டுவான் துறையிற் படகேற வேண்டும். இத்தீவுகளில் நன்னீர் அரிது. இயற்கை தாராளமாக அளித்தவை கடலும் பனையும் கல்லுமே. குடாநாட்டார் ஓலையால் வேலி அடைக்க, நெடுந்தீவார் முருகைக் கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மதில் கட்டினர். காற்றுக்கு ஈடுகொடுத்து நிற்கும் அம்மதில்களைக் கட்டிய கைகளை எவரும் சிற்பியின் கைகள் என்று சொன்னதில்லை. ஆயினும் எந்தக் கல்லின்மேல் எந்தக் கல் அமரும் என்பதை அறிவதும் ஒரு கலையே.

இத்தீவுகளின் வாணிபம் நேற்றுத் தோன்றியதன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இதற்குச் சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட அம்மன்னன், பிறதேசத்து வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்குதல் வேண்டுமென்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படல் வேண்டுமென்றும் அதிற் பணித்துள்ளான். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், ஏனைய பண்டங் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தாற் பாதியும் அரச பண்டாரத்துக்கு. எஞ்சியது உடையவனுக்கு என்பது அதன் விதி. ஊராத்துறையென்பது இன்றைய ஊர்காவற்றுறையே. சிங்கள மன்னன் ஒருவன் வணிகர்க்காகத் தமிழிற் சாசனம் பொறித்த மண் இது. இதன் மாந்தரை ஒதுங்கிய ஓரத்துச் சனமென்று கருதுவது வரலாறு அறியாதார் கூற்றாகும்.

பனையை எடுத்துக்கொள்வோம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் இம்மரத்தைப் பாடுவதற்கென்றே ‘தாலவிலாசம்’ என்னும் நூலை இயற்றினார். அவர் பாடிய மரத்திலிருந்து தீவுப் பெண்கள் ஒரு வீட்டுக்கு வேண்டிய அனைத்தையும் செய்தனர். குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, அவர்கள் இழைத்த பொருள்களுக்கு ஒரு நிகண்டே எழுதலாம். நெல் அள்ளக் கடகம், புடைக்கச் சுளகு, பிட்டு அவிக்க நீற்றுப்பெட்டி, மீன் கொண்டுவர உமல், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் கொட்டைப்பெட்டி, பனங்கட்டிக்குக் குட்டான், படுக்கப் பாய். உணவிலும் அப்படியே. கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல்; அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல்; பழத்தின் களியைப் பாயில் ஊற்றிக் காயவிட்டாற் பனாட்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் ஊரின் உயிரைக் காத்தவை இவையே.

கடகம் ஒன்றை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே ஓரோலை, புறத்தே ஓரோலையாக இரட்டையாய் இழைத்து, வாய்ப்புறத்தை நாராற் கட்டியிருப்பர். சதுரமாய்த் தொடங்கும் அடி, மேலெழும்பும்போது வட்டமாய் மாறுகின்றது. இந்த மாற்றத்தை எந்த அளவுகோலும் இன்றி, விரல்களின் நினைவாலேயே அப்பெண் செய்துமுடிக்கின்றாள். கேத்திரகணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இதை வகுப்பறைக்குக் கொண்டுசென்று, சதுரம் எங்கே முடிந்து வட்டம் எங்கே தொடங்குகிறது என மாணவரை வினவுவாராயின், ஒரு மணிநேரப் பாடம் அதிலே கிடைக்கும். இத்துணை நுட்பமான பொருளைச் செய்தவள் தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை. நாமும் சொன்னதில்லை. சந்தையில் அதன் விலையைப் பேரம்பேசிக் குறைத்ததே நாம் செய்த கைம்மாறு.

இனிக் கடைகளைப் பார்ப்போம். மண் வஞ்சித்தமையாற் புங்குடுதீவாரும் காரைநகராரும் அயற்றீவாரும் கடல் தாண்டிச் சென்று, கொழும்பிலும் மலைநாட்டிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் சுருட்டுக் கடை, பலசரக்குக் கடை, சைவச் சாப்பாட்டுக் கடை என நிறுவினர். கடையிற் கிடைத்த இலாபம் ஊருக்குத் திரும்பியது. கோயிற் றிருப்பணி, பாடசாலைக் கட்டடம், வாசிகசாலை, திருவிழாவில் நாதஸ்வரக் கச்சேரி, கூத்துக் கொட்டகைக்குப் பெற்றோல்மாக்ஸ் விளக்கு ஆகிய யாவற்றுக்கும் நெய் வார்த்தது அக்கல்லாப்பெட்டியே. ஆகவே 1958, 1977, 1983 ஆம் ஆண்டுக் கலவரங்களில் தெற்கிலே தமிழர் கடைகள் எரிந்தபோது தீவுகளின் கலையும் உடன் எரிந்தது. இதனைப் பொருளியலாரும் எழுதவில்லை; கலை விமர்சகரும் எழுதவில்லை. இரு பக்கங்களுக்கும் இடையிலே விழுந்துபோன செய்தி இது.

கூத்தின் கதையும் இதனோடு பிணைந்ததே. ஊர்காவற்றுறைப் பகுதியில் மெலிஞ்சிமுனை போன்ற கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் கிராமங்களிலே தென்மோடிக் கூத்து வழிவழியாக ஆடப்பட்டு வந்தது. பகலிற் கடலுக்குப் போனவர்கள் இரவில் அண்ணாவியார் முன்னிலையில் மாதக்கணக்காகப் பழகினர். கட்டியகாரன் வரவு, விருத்தம், தரு என வரிசை பிசகாமல் மனனஞ் செய்தனர். எழுத்தறியாதவனும் நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சிலே தாங்கி நின்றான். விடியும்வரை நடந்த அவ்வாட்டத்தைப் பார்த்திருந்த சிறுவனுக்குத் தமிழின் ஓசையைக் கற்பித்த முதல் ஆசான் அக்கூத்துக்காரனே.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கலையின் பெருமையைக் கற்றோர் உலகுக்கு உணர்த்தினார். கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்து அண்ணாவிமாரைத் தேடிச் சென்று கௌரவித்தார். 1962 இற் ‘கர்ணன் போர்’ நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். மன்னார் மாதோட்டத்து நாடகங்களையும் அச்சேற்றினார். அப்பணியை மதிக்காதார் யாருமிலர். ஆயினும் பல்கலைக்கழக மேடையிற் கூத்து உயர்ந்தமையால் மாத்திரம் கிராமத்துக் கூத்தனின் வீட்டுக் கூரை வேயப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கூத்தைப் பற்றிய ஆராய்ச்சி பெருகியது. கூத்து ஆடுகிறவர் தொகையோ குறைந்தது.

பின்னர் வந்தது பேரிடி. 1985 மே 15 இல் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினிப் படகிற் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவு மக்களிற் பெரும்பாலோர் வீடுவாசலை விட்டு வெளியேறினர். ஆளற்றுப்போன அவ்வூர்களின் துயரைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 1995 இல் வெளிவந்த ‘காற்றுவெளிக் கிராமம்’ தொகுதியிற் பதிவுசெய்தார். 2009 இற் போர் முடிந்தது. சிலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தீவு மக்கள் ஊரை மறந்தாரில்லை; பணம் அனுப்புகின்றனர். கோபுரங்கள் எழுகின்றன. அவற்றின் அருகே கதவு திறவாத வீடுகளும் நிற்கின்றன. இழைப்பதற்கு ஓலை உண்டு, கைகள் இல்லை. ஆடுவதற்குக் களரி உண்டு. பழக்குவதற்குப் பிள்ளைகள் இல்லை.

இவ்விடத்தில் ஒன்றை ஒளியாது கூறுதல் வேண்டும். பழைமை யாவும் போற்றத்தக்கதென நாம் வாதிடவில்லை. எமது கைத்தொழில்களிற் பல சாதியென்னும் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தன. இன்ன குலத்தான் இன்ன வேலையையே செய்தல் வேண்டுமென விதித்து, அவ்வேலையைச் செய்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம் எமது சமூகம். மத்தளத்தை விரும்பினோம், அதை அடித்தவனுக்குச் சமமான ஆசனம் அளித்தோமா? புங்குடுதீவின் சிந்தனையாளர் மு. தளையசிங்கம் 1971 இற் கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றிலே தாழ்த்தப்பட்டோர் நீர் அள்ளும் உரிமைக்காகப் போராடி, பொலிசாரின் தாக்குதலுக்கு ஆளானார். 1973 இல், நாற்பது வயதை எட்டுமுன்பே மறைந்தார். நன்னீர் அரிதான தீவிலே நீரை மறுப்பதும் மரபென்ற பெயராலேயே நடந்தது. ஆகவே தந்தையின் தொழிலை வெறுத்து ஓடிய மகனைப் பார்த்து, ‘மரபைக் கைவிட்டாய்’ என்று குற்றஞ்சாட்டும் அருகதை எமக்கில்லை. அவன் கைவிட்டது தொழிலையன்று, தொழிலோடு சேர்த்துச் சுமத்தப்பட்ட இழிவை. அவ்விழிவை நீக்கிவிட்டுத் தொழிலை அழைப்போமாயின் அது திரும்பிவரக் கூடும். இழிவை வைத்துக்கொண்டு தொழிலை மாத்திரம் காப்பாற்ற நினைப்பின், அது நூதனசாலைக்கே போய்ச்சேரும்.

பிளாஸ்டிக் வாளி மலிவாகக் கிடைக்கும்போது கடகத்தை யார் வாங்குவார் என்று கேட்பாருளர். நியாயமான கேள்வியே. வாளியோடு விலையிற் போட்டியிட்டுக் கடகம் வெல்ல முடியாது. ஆனால் வாளி உடைந்தால் மண்ணுக்குச் சுமை. கடகம் பழுதடைந்தால் மண்ணுக்கு எரு. கடலாற் சூழப்பட்ட சிறு தீவுக்கு இவ்வேறுபாடு அற்பமானதன்று. மேலும், விலை குறைவென்று நாம் கொண்டாடும் பொருள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் வருவாயைக் கொண்டு போகின்றது என்பதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்பாரும் உளர். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் நிறுவப்பட்டது. பனம்பொருளுக்கென ஒரு சபை அமைந்தது நன்றே. ஆயின் சபையொன்று பயிற்சி கொடுக்கலாம், விற்பனை நிலையம் திறக்கலாம். ஒரு சமூகத்தின் இரசனையைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. அது வீட்டிலும் பள்ளியிலும் உண்டாக வேண்டியது.

ஆகவே நாம் கூற விரும்புவன சில. முதலாவது, தீவுப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் தத்தம் ஊரிலுள்ள அண்ணாவிமாரையும் இழைப்பவரையும் படகு கட்டுவோரையும் வகுப்பறைக்கு அழைத்தல் வேண்டும். விருந்தினராக அன்று, ஆசிரியராக. வேதனமும் அளித்தல் வேண்டும். இரண்டாவது, பரண்களிற் செல்லரித்துக் கிடக்கும் கூத்துக் கொப்பிகளை மாணவரைக் கொண்டு தேடிப் பிரதிசெய்தல் வேண்டும். 2005 முதல் நூலக நிறுவனம் ஈழத்து ஏடுகளை எண்ணிம வடிவிலே பேணி வருகின்ற இந்நாளில், இப்பணிக்குப் பெரும்பொருள் தேவையில்லை, மனமே தேவை. மூன்றாவது, நயினை அம்மன் ஆனித் திருவிழாவுக்கும் கச்சதீவு அந்தோனியார் விழாவுக்கும் திரளும் சனத்தின்முன் தீவுப் பொருள்களுக்கு முதலிடம் அளித்தல் வேண்டும். பொருளோடு செய்தவர் பெயரும் செல்லட்டும். ஓவியத்திற் கையொப்பமிடும் உரிமை ஓவியனுக்கு இருக்குமாயின், கடகத்திற் பெயர் பொறிக்கும் உரிமை அதை இழைத்தவளுக்கும் உண்டு. நான்காவது, புலம்பெயர்ந்த அன்பர்கள் கோபுரத்துக்கு அளிக்கும் பொருளில் ஒரு சிறு பங்கை, ஒரு பிள்ளை ஓர் அண்ணாவியாரிடம் ஓராண்டு பயில்வதற்கென ஒதுக்குவார்களாக. கோபுரம் நின்றுகொண்டிருக்கும், அண்ணாவியாரின் ஆயுளோ அவ்வாறு காத்திராது.

இவற்றுள் எதுவும் தயவு அன்று. தீவு மக்கள் எவரிடமும் இரந்து நின்றவரல்லர். கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகளைத் தந்து, தமிழாராய்ச்சியை உலக மேடைக்கு உயர்த்திய மண் அது. அம்மண்ணின் கைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் நெடுங்காலமாக நிலுவையில் உள்ளது. அடுத்த முறை சந்தையிலே ஒரு கடகத்தைக் கையில் எடுக்கும்போது, விலையைக் குறைக்கச் சொல்லுமுன், அதை இழைத்தவர் யாரென்று கேளுங்கள். பெயரை அறிந்தபின் பேரம்பேச நா எழாது.