சும்மா படுக்கச் சொல்லாதீர்கள்

ஆபரேஷனுக்குத் தேதி குறித்த அன்றே நம் வீடுகளில் நோயாளியைக் கட்டிலோடு முடக்கிவிடுகிறார்கள். "எதையும் யோசிக்காம படுங்க, எல்லாம் டாக்டர் பார்த்துப்பார்" என்கிறார்கள். என்ன ஆபரேஷன், எத்தனை மணி நேரம் ஆகும், பிறகு எங்கே வலிக்கும் என்பதெல்லாம் மகனுக்கும் மருமகனுக்கும் தெரியும். கத்தி படப்போகிற அம்மாவுக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா பயந்துடுவாங்க" என்பார்கள். பாசத்தில் செய்வதுதான், சந்தேகமில்லை. ஆனாலும் இது தவறு. உடம்பைக் கெடுக்கிற தவறு.

தெரியாமல் இருந்தால் பயம் வராது என்று யார் சொன்னது? பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மயக்க மருந்து நிபுணர் லாரன்ஸ் எக்பர்ட்டும் அவருடைய சகாக்களும், வயிற்று அறுவை சிகிச்சைக்கு வந்த 97 பேரிடம் செய்த ஆய்வை 1964இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், வலி எங்கே வரும், எவ்வளவு கடுமையாக இருக்கும், எத்தனை நாள் நீடிக்கும், எப்படி மூச்சுவிட்டு எப்படிப் புரண்டால் தணியும் என்று விளக்கிச் சொன்னார்கள். அந்தப் பிரிவினருக்கு வலிமருந்து ஏறக்குறைய பாதிதான் தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். அனுப்பிவைத்த சர்ஜன்களுக்கு யார் எந்தப் பிரிவு என்பது தெரியாது. புது மருந்தோ புதுக் கருவியோ இல்லை. உட்கார்ந்து பேசியது மட்டும்தான்.

படுத்தே கிடப்பதால் வரும் கேடு இன்னும் நேரடியானது. மேல் வயிற்றில் தையல் போட்டவர் வலிக்குப் பயந்து அரை மூச்சுதான் விடுவார். நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தேங்கும், நிமோனியா வரும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஆபரேஷனுக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தார், ஒரே ஒரு முறை. நுரையீரல் சிக்கல்கள் பாதியாகக் குறைந்தன. நம் ஊரிலோ, மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை ஆபரேஷனுக்கு மறுநாள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தும்மவே அஞ்சுகிற மனிதர் அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்க்கிறார்.

பத்தியத்தின் பெயரால் நடப்பதும் கொஞ்சமல்ல. புண் சீழ் பிடிக்கும் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்திவிட்டுக் கஞ்சி ஊற்றுகிறார்கள். அறுத்த சதை கூடுவதற்குப் புரதம்தானே வேண்டும்! தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. மாதக்கணக்கில் உதிரப்போக்கு இருந்து கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வருகிறவரின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். தேதிக்கு முன்னால் கையில் இருக்கும் வாரங்களில் இரும்புச்சத்து கொடுத்துத் தேற்றலாம். அந்த வாரங்கள் ஓய்வு என்ற பெயரில் வீணாகின்றன.

நோயாளியை ஒதுக்கிவைத்துவிட்டு உறவினரிடமே எல்லாம் பேசினால், உண்மையும் வெளியே வராது. மகளுக்குத் தெரியாமல் அப்பா பிடிக்கும் பீடி, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, யாரோ சொல்லிச் சாப்பிடுகிற லேகியம், எல்லாமே மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரிந்தாக வேண்டியவை. எதை எப்போது நிறுத்துவது, எதை நிறுத்தவே கூடாது என்று அவர்தான் சொல்ல முடியும். புகையை விட நாலு வாரமாவது கிடைத்தால் நுரையீரலுக்கும் தையலுக்கும் எவ்வளவோ நல்லது. ஆனால் பீடி பிடிப்பதே அந்த அப்பாவிடம் தனியாகக் கேட்டால்தான் வெளிவரும்.

சட்டமும் நோயாளியின் பக்கம்தான். பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையைத் தாயின் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எடுத்த வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அந்தப் பெண் கண் விழித்ததும் அவரையே கேட்டிருக்கலாம், உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை என்பதுதான் காரணம்.

விபத்திலோ குடல்வால் வெடித்தோ வருகிறவருக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எல்லா விவரமும் வேண்டாம் என்று சொல்கிற நோயாளிகளும் உண்டு. எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு, அந்த அளவுக்குச் சொல்லலாம். ஆனால் மூட்டு மாற்றுக்கும் பித்தப்பைக்கும் குடலிறக்கத்துக்கும் வாரக்கணக்கில் முன்பே தேதி கொடுக்கிற மருத்துவமனைகள், ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கையெழுத்துத் தாளை நீட்டுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? தேதி கொடுக்கும் அன்றே அந்தத் தாளைத் தமிழில், நோயாளியின் கையில் கொடுக்கட்டும். அன்றைக்கே இரத்த அளவும் சுகரும் பார்க்கட்டும், மூச்சுப் பயிற்சியும் தொடங்கட்டும்.