இணையவழிக் கல்வியும் கல்வித் தரமும்

பல்கலைக்கழகப் பாடங்களைக் கட்டணமின்றி எவரும் கற்கலாம் என்னும் நிலையை இணையம் ஏற்படுத்தியுள்ளது. மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2001இல் தன் பாடக் குறிப்புகளை உலகிற்கு இலவசமாக வழங்கப்போவதாக அறிவித்தது. 2012இல் கோர்செரா, எடெக்ஸ் ஆகிய அமைப்புகள் தோன்றின. இம்முயற்சியைப் போற்றுவோரிடையே இரு கட்சிகள் உள. பலர்க்கும் எட்டவேண்டின் பாடத்தை எளிதாக்குக என்பர் ஒரு சாரார். எளிதாக்கின் அது பல்கலைக்கழகக் கல்வியாகாது என்பர் மறு சாரார். இரு சாராரும் எளிமையையும் தாழ்ச்சியையும் ஒன்றெனக் கொண்டு மயங்குகின்றனர் என்பதே என் கருத்து.

வாயிலைத் திறப்பது வேறு. அளவுகோலைக் குறுக்குவது வேறு. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே, எங்குப் படித்தவரும் தன் பட்டப் பரீட்சைக்குத் தோற்றலாம் என விதித்தது. 1921இல் நிறுவப்பெற்ற நம் பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவரும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை, அப்பட்டத்திற்கே பயின்றனர். வெளிவாரி மாணவர்க்கெனப் பரீட்சை விளையாட்டாக்கப்படவில்லை.

2012இல் மேற்குறித்த கழகம் நடத்திய மின்சுற்றுப் பாடத்தை நோக்குக. ஏறத்தாழ 1,55,000 பேர் பதிந்தனர். தேறிச் சான்றிதழ் பெற்றோர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவரும் இலர் என இகழ்ந்தோர் பலர். யான் அங்ஙனம் கருதேன். பதிவதற்குச் செலவுமில்லை, தடையுமில்லை. எட்டிப் பார்த்து விலகியோரைத் தோற்றோர் எனல் பொருந்தாது. அப்பாடத்திலே மங்கோலிய நாட்டுப் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் முழுப் புள்ளியும் பெற்றான். பாடம் தாழ்த்தப்பட்டிருப்பின் அவன் வெற்றிக்கு மதிப்பேது?

ஆயினும், கடுமை ஒன்றே போதும் என்று வாதிப்போர் 2013ஆம் ஆண்டின் சான் ஓசே அரசுப் பல்கலைக்கழக அநுபவத்தையும் எண்ணுதல் வேண்டும். அங்கு, யுடாசிட்டி நிறுவனத்துடன் சேர்ந்து, அடிப்படைக் கணிதமும் அட்சரகணிதமும் இணையவழி கற்பிக்கப்பட்டன. அடித்தளம் வலுவற்ற மாணவர் பெருந்தொகையாகத் தவறினர். அடுத்த தவணையில் தேர்ச்சி உயர்ந்தது. ஆனால் அப்போது பயின்றோரிற் பாதிக்கு மேற்பட்டோர் முன்னரே பட்டம் பெற்றவர்கள்! கற்கத் தெரிந்தவனுக்கு இணையம் துணை. கற்கத் தொடங்குபவனுக்கோ ஆசிரியன் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

எனவே செய்யத்தக்கன யாவை? மலையின் உயரத்தைக் குறையாது படிகளைப் பெருக்குதல் வேண்டும். முன்னறிவு இன்னது வேண்டுமெனத் தெளிவாகக் கூறி, அஃதில்லார்க்கு முன்னிலைப் பாடம் ஒன்று அமைத்தல் வேண்டும். ஐயம் வினவ ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும். பரீட்சையில் மட்டும் சலுகை கூடாது.

மொழியும் சிந்தித்தற்குரியது. இப்பாடங்களுட் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ உள்ள மாணவன் இடர்ப்படுவது பொருளின் அருமையாலா, மொழியின் அருமையாலா என ஆராய்தல் வேண்டும். பொருளின் அருமை அறிவை வளர்ப்பது. மொழியின் அருமை வெறுந் தடையே. விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தற்கெனக் கலைச்சொற்றொகுதிகள் ஆக்கிய நாடு இது. அப்பணியை இணையத்திலும் தொடர்தல் நம் ஆசிரியர் கடன்.

தரமற்ற சான்றிதழை இலவசமாக வழங்குதல் ஏழை மாணவனுக்குச் செய்யும் உதவியன்று. செல்வன் வேறிடத்திற் கற்றுக்கொள்வான். ஏழைக்கோ ஏமாற்றமே எஞ்சும்.