ஆறு பலி கேட்பதில்லை!

பெரம்பலூர் மாவட்டத்தில் கொட்டரை என்று ஓர் ஊர். மருதையாற்றின் குறுக்கே அங்கே ஓர் அணை இருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அந்த அணையில் தண்ணீர் நிறையத் தேங்கியிருந்தது.

கிரிக்கெட் ஆட வந்த இளைஞர்கள் சிலர், ஆட்டம் முடிந்ததும் குளிக்க வந்தார்கள். துணி துவைத்து முடித்த மூன்று பெண்கள் அங்கிருந்து வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் நான்கு இளைஞர்கள் ஆழத்தில் சிக்கித் தத்தளித்தார்கள்.

பெண்கள் தயங்கவில்லை. தாங்கள் கட்டியிருந்த புடவைகளை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் கரை ஏறினார்கள். மற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

மானம் காக்கும் புடவை, அன்று உயிரைக் காத்தது! அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று, தமிழ்நாடு அரசு மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்துப் பாராட்டியது.

"இந்த மடு வருஷத்துக்கு ஓர் உயிரைப் பலி வாங்கும்" என்று ஊர் ஊராகச் சொல்வார்கள். அது உண்மை என்றால், அந்த இரண்டு பேர் எப்படிப் பிழைத்தார்கள்? ஆறு யாரையும் பலி கேட்பதில்லை. தண்ணீரின் தன்மை தெரியாமல் மனிதன்தான் உயிரைக் கொடுக்கிறான். விதியின் மேல் பழியைப் போட்டால், அடுத்த உயிரும் அதே இடத்தில்தான் போகும்.

மடு எங்கே இருக்கிறது?

ஆற்றில் மணல் அள்ளுகிறார்கள். பள்ளம் விழுகிறது. தண்ணீர் வந்ததும் பள்ளம் மறைந்துவிடுகிறது. மேலே பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நடப்பவன், அடுத்த அடியில் ஆள் மூழ்கும் ஆழத்தில் இருப்பான். பள்ளத்தின் ஓரத்து மணல் காலுக்கு அடியில் சரியும். ஊன்றி நிற்க இடம் இராது.

"எனக்குத்தான் நீச்சல் தெரியுமே!" என்பார்கள் சிலர். கிணற்றுத் தண்ணீர் நிற்கும். ஆற்றுத் தண்ணீரோ இழுக்கும். எங்கோ மழை பெய்து அணையைத் திறந்துவிட்டால், இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் ஏறும்.

வெள்ளத்தில் சிக்கியவர் அதை எதிர்த்து நீந்தக் கூடாது. ஓட்டத்தோடு போய்க்கொண்டே, சாய்வாகக் கரையை நோக்கி நகர வேண்டும். கடலில் அலை உள்ளே இழுத்தால், கரையை நோக்கிப் போராடுவது வீண். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையைவிட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

சத்தம் போடாத சாவு

தண்ணீரில் மூழ்குகிறவர் "ஐயோ!" என்று அலறுவார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூச்சு வாங்கவே வாய் போதாதபோது, கூச்சல் போட ஏது நேரம்? அதனால்தான் தாய் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை சத்தமில்லாமல் மூழ்கிவிடுகிறது. குழந்தை தண்ணீரில் இருந்தால், பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

தம்பி மூழ்குவதைக் கண்டு அண்ணன் குதிக்கிறான். அண்ணனைக் காப்பாற்றத் தகப்பன் குதிக்கிறார். ஒரு வீட்டிலிருந்து மூன்று பிணங்கள்! ஏன்? மூழ்குகிறவர் கைக்கு அகப்பட்டதை இறுகக் கட்டிக்கொள்வார். காப்பாற்ற வந்தவரும் கையை அசைக்க முடியாமல் சேர்ந்து மூழ்குவார்.

பிள்ளை தத்தளிக்கும்போது பெற்றவர் கைகட்டி நிற்க முடியுமா? நிற்க வேண்டாம். உதவிக்கு ஆட்களைக் கூப்பிட வேண்டும். கயிறு, மூங்கில், புடவை, வேட்டி, எது கையில் இருக்கிறதோ அதை வீச வேண்டும், அல்லது நீட்ட வேண்டும். இறுக மூடிய வெறும் பிளாஸ்டிக் குடம்கூட ஆளை மிதக்க வைக்கும். இழுக்கும்போது கரையில் படுத்துக்கொண்டால், நம்மை உள்ளே இழுக்காது.

கரை சேர்த்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு இல்லை என்றால், உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். மார்பின் நடுவில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108க்குச் சொல்ல வேண்டும்.

படகிலும் அதே கதை

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி, தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. 2023ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி, கேரளத்தில் தானூரில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

வேடிக்கை பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால், எந்தப் படகும் சாயும். "சட்டைமேல் இது எதற்கு? போட்டோவில் நன்றாக இராதே!" என்று மிதவைச் சட்டையை மடியில் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். படகு கவிழ்ந்த பிறகு அதை மாட்ட நேரம் ஏது? ஏறும் முன்பே மாட்ட வேண்டும். மிதவைச் சட்டை இல்லாத படகில் ஏறவே கூடாது. கொடுத்த காசு போனால் போகட்டும்!

ஒரு கயிறு போதும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். இவ்வளவும் விதியா?

ஒவ்வொரு படித்துறையிலும் ஒரு நீளக் கயிறும், ஒரு மூங்கிலும் இருக்க வேண்டும். மடு உள்ள இடத்தில் பலகை நட வேண்டும். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். ஊராட்சி நினைத்தால் ஒரே நாளில் செய்யலாம். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பதுபோல நீச்சலையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். "குதிக்காதே, கயிற்றை வீசு" என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதுவரை வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆடிப் பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் கட்டுச்சோற்று மூட்டையை மறப்பதில்லை. அதோடு ஒரு கயிற்றையும் எடுத்துப் போகட்டும். போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பினால்தானே அது பண்டிகை!