200 அடி வேலிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேலயா?

சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் உறவுக்காரப் பையன் ஒருத்தன் நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கிரவுண்டு மனை வாங்கியிருக்கான். 40-க்கு 60. சின்னதா ஒரு வீடு, சுத்தி மரவேலி, அதுக்கு வெள்ளை பெயிண்ட். இதுதான் அவன் ஆசை. ஆசையில் தப்பே இல்லை. ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பி ஜெயில் மாதிரி அடைக்காம, தெருவில் போறவங்க முகம் தெரியற மாதிரி வேலி போடணும்னு நினைக்கிறானே, அதுவே நல்ல புத்தி. ஆனா அவன் வாங்கி வச்சிருக்கிற கொட்டேஷனைப் பார்த்துதான் எனக்குத் தூக்கம் போச்சு. ஒரு அடி நீளத்துக்கு 800 ரூபாய். மனையோட சுத்தளவு 200 அடி. அப்போ 1,60,000 ரூபாய். இங்க அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல கறவை மாடு பிடிச்சுக் கட்டலாம்.

மரம் என்ன மரம்னு கேட்டேன். பைன். கப்பல்ல வர்ற மரம். கடலூர் மாவட்டத்தில் மனை வாங்கிட்டு வேலிக்கு வெளிநாட்டு மரம்! இங்கிருந்து கடற்கரைப் பக்கம் போனா கண்ணுக்கெட்டின தூரம் சவுக்குத் தோப்பு. அந்தச் சவுக்கு டன் கணக்கில் லாரி ஏறி காகித ஆலைக்குப் போய்க்கிட்டிருக்கு.

எனக்கும் அரை ஏக்கர் சவுக்கு இருக்கு, அதனாலதான் பேசறேன்னு நீங்க நினைச்சா அதுவும் பாதி உண்மைதான். ஆலைக்கு எடை போட்டு விக்கறதை விட, கம்பமா எண்ணி விக்கறதுல விவசாயிக்கு நாலு காசு கூட நிக்கும். ஆனா கணக்கைப் பாருங்க. அஞ்சு அடிக்கு ஒரு கம்பம்னா 200 அடிக்கு 40 கம்பம். ஏழடிக் கம்பம், ரெண்டடி மண்ணுக்குள்ள. ஒண்ணு 120 ரூபாய்னு வச்சா 4,800. குறுக்கே ரெண்டு வரிசை கட்ட 20 அடிக் கழி, ஒட்டுப் போடறதுக்கும் சேர்த்து 24 வேணும், நூறு ரூபாய் மேனிக்கு 2,400. ஆணி, கட்டுக்கம்பிக்கு 1,300. அடியில பூச தார் 400. ரெண்டு ஆள், ரெண்டு நாள், ஆளுக்கு 900 வீதம் 3,600. ஆக மொத்தம் 12,500 ரூபாய். இது இன்னைக்கு எங்க ஊர்ல எனக்குத் தெரிஞ்ச விலை. உங்க ஊர்ல கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

உடனே அந்தப் பையன் கேட்டான், "மாமா, சவுக்கு எத்தனை வருஷம் நிக்கும்?"

சரியான கேள்வி. சவுக்கு மண்ணுக்கு மேல இருக்கிற வரைக்கும் ராஜா. பந்தலுக்கும் சென்ட்ரிங் முட்டுக்கும் அதை விட்டா ஆள் கிடையாது. மண்ணுக்குள்ள போயிட்டா கரையானுக்குச் சாப்பாடு. அடியை நெருப்பில் கருக்கி, தாரு பூசி நட்டாலும் மூணு வருஷம் நின்னா பெரிசு. அதுலயும் நாங்க இருக்கிறது தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவுல. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டாங்களே, தென்பெண்ணைக் கரையில தண்ணி எப்படி நின்னுதுன்னு டிவியில பார்த்திருப்பீங்க. அப்படி நின்ன தண்ணியில எந்த மரமும் ஊறத்தான் செய்யும். மருந்து ஏத்தின பைன் சவுக்கை விடக் கூடுதல் காலம் நிக்கும், அதை நான் மறுக்கலை. ஆனா அதுக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பெயிண்ட் கேக்கும். அந்தச் செலவு கொட்டேஷன்ல வராது.

இதுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். சவுக்கு மூணு வருஷம் நின்னா போதும். அதுக்கு மேல நிக்கவே வேணாம்.

சவுக்குக் கம்பம் நட்ட அன்னைக்கே, அதை ஒட்டி உள்பக்கம் அடிக்கு ஒண்ணா கிளுவைப் போத்து ஊனிடணும். 200 போத்து. வெட்டி ஏத்திக்கிட்டு வர்ற கூலியோட சேர்த்து ஒண்ணு பத்து ரூபாய் வச்சாலும் ரெண்டாயிரம்தான். கிளுவை கிடைக்கலைன்னா ஒதியம்போத்து, பூவரசு. ஒதி பெருத்தாலும் உத்தரம் ஆகாதுன்னு கிண்டல் பண்ணுவாங்க. உத்தரத்துக்குத்தான் ஆகாது, வேலிக்கு அது தங்கம். வெட்டி நட்ட குச்சியே வேர் பிடிச்சு மரமாகிடும். சவுக்கு அடி இத்துப்போற நேரத்துக்கு இது தலை எடுத்து நிக்கும். அப்புறம் கரையான் பயம் ஏது? உயிரோட நல்லா நிக்கிற மரத்தை அது பெரும்பாலும் தின்னாது. சாஞ்ச கம்பத்தைப் பிடுங்கி அடுப்பில் வச்சிடலாம்.

இது நான் கண்டுபிடிச்ச வித்தை இல்லை. யாழ்ப்பாணத்தில் கதியால்னு சொல்றாங்களே, அது இதேதான். கிளுவை, பூவரசு, முள்முருக்குன்னு உயிர்க்கம்பா நட்டு, நடுவுல பனையோலையோ கிடுகோ வச்சு அடைச்சிடுவாங்க. ஓலை போனா மறுபடி அடைப்பாங்க, கதியால் அப்படியே நிக்கும். பூவரசந் தழையை வெட்டித் தோட்டத்துக்கு உரமா போடுவாங்க. வேலியிலிருந்து வருமானம் எடுத்த ஜனங்க.

இங்கேயும் வருஷத்துக்கு ஒரு தரம் கழிச்சுவிடணும். அந்தக் கூலியும் பாதி மிச்சம். ஆடு வச்சிருக்கிறவங்க யார்கிட்டயாவது சொல்லிவையுங்க, தழைக்காக அவங்களே வந்து வெட்டிக்கிட்டுப் போவாங்க.

உயிர்வேலின்னு சொன்னதும் சில பேர் சீமைக்கருவேலத்தை விட்டுடறாங்க. அதைச் செய்யாதீங்க. வேலிகாத்தான்னு பேர் வச்சோம், அது வேலியைக் காத்துதா? வேலியைத் தாண்டி வயல், ஏரி, வாய்க்கால் எல்லாத்தையும் பிடிச்சு, 2017-ல் உயர் நீதிமன்றமே பிடுங்கச் சொல்ற நிலைமைக்கு வந்துது.

இன்னொண்ணு, காத்து. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடிச்சப்போ எங்க மாவட்டத்துல முந்திரி, பலா, சவுக்கு எல்லாம் தோப்புத் தோப்பா சாஞ்சுது. அதைப் பார்த்தவங்க யாரும் இடைவெளி இல்லாம பலகை அடிச்சு வேலி போட மாட்டாங்க. பலகை காத்தைப் பிடிச்சுக்கிட்டு கம்பத்தோட சாயும். கழி வேலிக்குள்ள காத்து பூந்து போயிடும்.

சரி, யாருக்கு இது ஒத்துவராது? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வந்துபோறவங்களுக்கு. முதல் ரெண்டு கோடையிலும் போத்துக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணும், பட்டுப்போன இடத்துல மறு போத்து நட ஆள் வேணும். ஆடு எட்டிக் கடிக்காம முள் போட்டு அடைக்கணும். அதைப் பார்க்க ஆள் இல்லைன்னா பேசாம கல்தூண் நட்டு கம்பிவலை அடிச்சிடுங்க. அழகா இருக்காது, ஆனா நிக்கும். பைன் மரத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல கொடுக்கிறதுக்கு எனக்கு ஒரு காரணமும் தெரியலை.

எங்க பையன் இங்கேயே வந்து இருக்கப்போறான். மீதி ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம் கையில நிக்கும். அதுல கிணத்துக்கோ போருக்கோ வழி பார்க்கச் சொல்லியிருக்கேன்.

போத்து நடறதுக்குப் புரட்டாசி நல்ல நேரம். ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கும். குழி தோண்டறதுக்கு முன்னாடி சர்வேயரை வச்சு அளந்து கல்லைப் பார்த்துக்குங்க. கல்லிலிருந்து ஒன்றரை அடி உள்ள தள்ளி நடுங்க. மரம் பருக்கும்போது பக்கத்து மனைக்காரர் பக்கம் சாயும், அப்புறம் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்க.