வெள்ளம் வருமுன் அணை

மழைக்காலம் வந்துவிட்டால் குன்றத்தூர் மக்களாகிய நமக்கு ஒரே பேச்சுதான்: செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி தண்ணீர்? ஏரியின் முழு உயரம் 24 அடி. கரை தாங்கும் அளவை மீறினால் நீர் அடுத்த நிலத்தில் புகும்.

கணிப்பொறியின் நினைவகமும் அத்தகையதே. வருகின்ற செய்திக்கு அளவெடுத்து இடம் ஒதுக்கப்படுகிறது. அளவு தவறினால், மிகுதியானது வழிந்து பக்கத்து இடத்தை அழிக்கும். அங்கே தன் கட்டளையைப் புகுத்தித் திருடன் இயந்திரத்தையே ஆளலாம்.

விண்டோஸ் இயக்க முறைமையின் உட்கருவில், கோப்புகளைப் பகிரும் பகுதியில், இப்படியொரு பிழை இருந்தது. பெரிய எண்ணைச் சிறிய இடத்தில் குறித்ததால் நேர்ந்த கணக்குப் பிழை அது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்று அதற்குத் திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் நச்சு நிரல் அதே ஓட்டை வழியாகப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் அருகிலுள்ள ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது. நம் தந்தையரும் அக்காமாரும் வேலைக்குச் செல்லும் பாதைதானே அது!

மருந்து வந்து 59 நாட்கள் கழித்தே நோய் பரவியது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். குற்றம் திருடனுடையதே. ஆயினும் பிழையை முன்பே அறிந்த அமெரிக்க உளவு நிறுவனம், அதைத் தன் ஆயுதமாக மறைத்து வைத்ததும் தவறு. திருத்தத்தை 'நாளைக்கு' என்று தள்ளிப் போடுவதும் தவறே. ஓடும் இயந்திரத்தை நிறுத்தினால் நட்டம் என்பார்கள். உண்மைதான், ஆனால் நாமாகக் குறித்த வேளையில் நிறுத்தினால் சில மணி நேர நட்டம். திருடன் நிறுத்தினாலோ, மீண்டும் ஓடும் நாளை அவனல்லவா குறிப்பான்!

தொழிற்சாலையை மட்டும் சொல்வானேன்? வீட்டுக் கைப்பேசி திருத்தம் கேட்கும்போது 'பிறகு' என்று தள்ளுகிறவர்கள் நாமே. ஆசிரியை சிவப்பு மையில் சுட்டிய பிழையை மறு தேர்விலும் செய்கிறவர்களும் நாமே. இரவுதோறும் ஆன்ம சோதனை செய்யச் சகோதரிகள் நமக்குக் கற்பிப்பது, அன்றன்றைய பிழையை அன்றே திருத்தத்தானே?

தோழியரே, நம்மில் சிலர் நாளை நிரல் எழுதுவோம். சிலர் ஆலைகளில் பணிபுரிவோம். பிழை செய்யாதவர் இல்லை. கண்டதை மறைக்காமல் சொல்வோம். சொன்னதை அன்றே திருத்துவோம். மணமகன் வருகிறார் என்ற குரல் கேட்டபின் எண்ணெய் வாங்க ஓடிய கன்னியருக்குக் கதவு திறக்கவில்லை என்பதை நாம் மறவாதிருப்போமாக!