பெயரில்லாத மாத்திரை

மாலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் மருந்துக் கடையில் நின்று பாருங்கள். நடவு முடித்து வருகிறவர்களும் சித்தாள் வேலை முடித்து வருகிறவர்களும் கேட்பது ஒன்றைத்தான்: "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க." கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, காகித உறையில் போட்டுக் கொடுப்பார். பெயர் இருக்காது. காலாவதித் தேதி இருக்காது. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை, மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும்.

என் அத்தை இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் வாங்கி விழுங்கினார். முகம் உப்பியபோது "சதை போட்டிருக்கே" என்றார்கள். பிறகு சர்க்கரை ஏறியது. மருத்துவமனையில் என்ன மாத்திரை என்று கேட்டபோது, காட்டுவதற்கு அந்த வெற்று உறைதான் இருந்தது. "இதுகூடத் தெரியாமலா முழுங்கின?" என்று ஒருமையில் வந்தது அடுத்த கேள்வி.

தெரியாமல் போனது யாருடைய குற்றம்?

செட்டில் பெரும்பாலும் இருப்பவை டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை, பாராசிட்டமால், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. சில நேரம் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் சேரும். வலி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். வெயிலில் தண்ணீரின்றி உழைக்கும் உடம்புக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஸ்டீராய்டு சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும், எலும்பை மெலிய வைக்கும். வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் அதைச் சட்டென நிறுத்தவும் கூடாது. உடம்பு தனக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரப்பதைக் குறைத்திருக்கும். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

"விழிப்புணர்வு இல்லாத மக்கள்" என்று பேசிவிட்டுப் போவது எளிது. அத்தைக்குத் தெரியாதது மருந்தின் பெயர்தான். கணக்கு நன்றாகவே தெரியும். மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகும். செட் வாங்கினால் நாளைக்கும் குனிந்து நடவு நடலாம். குனிந்து செய்யும் வேலையை எந்தத் தெருவுக்குச் சாதி ஒதுக்கியதோ, அந்தத் தெருவுக்கே வலியையும் ஒதுக்கியிருக்கிறது. எழுத்து மறுக்கப்பட்ட மக்களுக்கு இன்று எழுத்தில்லாத உறையில் மருந்து.

படித்து வந்த முதல் தலைமுறையான நமக்கு இதில் வேலை இருக்கிறது. வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் பெயர், எதற்காக, எத்தனை நாள், என்ன பக்க விளைவு என்று கேளுங்கள். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட விடாதீர்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, முகமோ காலோ வீங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பக்க விளைவுகளை நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அரசுக்குத் தெரிவிக்கலாம்.

இவையெல்லாம் தனிமனிதப் பொறுப்போடு முடிவதில்லை. கூலி வேலை முடிந்தபின் மருத்துவரைப் பார்க்க, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை நேரப் புறநோயாளிப் பிரிவு வேண்டும். மருந்து உறையில் தமிழில் பெயரும் எச்சரிக்கையும் வேண்டும். வேலையிடத்தில் நிழலும் தண்ணீரும் ஓய்வும் வேண்டும். இவற்றைக் கேட்பதும் சாதி ஒழிப்பு அரசியல்தான்.

அத்தை இப்போது மருத்துவர் சீட்டோடு கடைக்குப் போகிறார். "அட்டையை வெட்டாதீங்க, பேரு தெரியணும்" என்கிறார். கடைக்காரருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.