ஒன்றை நிறுத்திப் பாருங்கள்

நாங்கள் சாதாரண தரப் பிள்ளைகளுக்கான பாட வீடியோக்களை எல்லாம் ஒரே கணினியில்தான் வைத்திருந்தோம். பரீட்சை நெருங்கும்போது ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பிள்ளைகள் கேட்டார்கள், கொடுக்க ஒன்றுமில்லை.

2008 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸுக்கும் இதுதான் நடந்தது. தரவுத்தளம் பழுதாகி, மூன்று நாட்கள் டிவிடி அனுப்ப முடியவில்லை. எந்த இயந்திரமும் ஒருநாள் பழுதாகும் என்று ஏற்றுக்கொண்டு, வேலையைப் பல சேர்வர்களுக்குப் பகிர்ந்தார்கள். அதோடு விடவில்லை. வேலை நேரத்திலேயே ஏதாவதொரு சேர்வரை வேண்டுமென்றே நிறுத்தும் 'கேயாஸ் மங்கி' என்ற மென்பொருளையும் எழுதினார்கள். ஒன்று விழுந்தாலும் பார்ப்பவரின் படம் நிற்கக் கூடாது.

இப்போது நாங்களும் இரண்டு கணினிகளில் வைக்கிறோம். அது மட்டும் போதாது. மாதம் ஒருமுறை ஒன்றை நிறுத்திவிட்டு, மற்றதில் பாடம் ஓடுகிறதா என்று பார்க்கிறோம். பாடம் பதிவு செய்யும் ஆசிரியர்களே, நீங்களும் இன்றே பாருங்கள்.